அந்தரத்தில் நின்ற ராட்டினம்: கடலோரக் கேளிக்கைப் பூங்கா சரியாக நிர்வகிக்கப்படுகிறதா என்பதை எப்படி அறிவது?

போலாரம் (ஹைதராபாத்): கடல் இல்லாத ஊர் ஹைதராபாத். சென்னை ராணுவப் படைப்பிரிவுகளோடு வந்து போலாரம், திருமலகிரி, செகந்திராபாத் கண்டோன்மென்ட் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் சென்னைப் பயணம். சென்னைப் பயணம் என்றால் கடற்கரை. சார்மினார் எக்ஸ்பிரஸில் தாம்பரம் வரை சென்று உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஏதேனும் ஒரு பூங்காவுக்குச் செல்வது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டியலில் முதலில் நினைவுக்கு வரும் பெயர், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம்.

2025 மே 27 அன்று மாலை, அந்தப் பூங்காவில் 'டாப் கன்' என்ற ராட்சத ராட்டினம் உயரே சென்ற நிலையில் அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகள், பெண்கள் உள்பட 30-க்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் சிக்கினர். பூங்கா தரப்பில் முதலில் கிரேன் கொண்டுவரப்பட்டது. அது போதாத நிலையில் தீயணைப்புத் துறையின் ஸ்கைலிஃப்ட் வாகனம் வரவழைக்கப்பட்டு, ஒவ்வொருவராகக் கீழே இறக்கப்பட்டனர். எல்லோரும் தரையைத் தொட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. உயிரிழப்பு இல்லை. உரிய பாதுகாப்புச் சான்று பெறும் வரை பூங்காவை இயக்க வேண்டாம் என்று காவல் துறை அறிவுறுத்தியது.

அன்றிரவு, சிக்கியிருந்தவர்கள் மேலிருந்தே எடுத்த காணொளிகள் தமிழகம் முழுவதும் பரவின. பெற்றோர் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு காலமாக நடக்கும் இந்தப் பூங்கா நன்றாகத்தான் நிர்வகிக்கப்படுகிறதா? அடுத்த முறை பிள்ளைகளை நம்பி ஏற்றலாமா? இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அது சரியாக இராது. ராட்டினம் நின்றதற்கும் ராட்டினம் உடைவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. கடற்கரையில் நிற்கும் இரும்புக்கும் உள்நாட்டில் நிற்கும் இரும்புக்கும் அதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு.

தவணை வியாபாரத்தில் தொடங்கிய கதை

வீட்டு உபயோகப் பொருள்களைத் தவணை முறையில் விற்று நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் வானொலிப் பெட்டியையும் கடிகாரத்தையும் கொண்டுசேர்த்தவர் வி.ஜி. பன்னீர்தாஸ். அவரும் அவருடைய சகோதரர்களும் சென்னைக்குத் தெற்கே, அன்று சவுக்குத் தோப்புகளும் மீனவர் குப்பங்களும் மட்டுமே இருந்த கரையோரத்தில் 1970-களில் வி.ஜி.பி. கோல்டன் பீச்சை உருவாக்கினர். இன்று காணும் கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இல்லை. சிலைகள், தோட்டங்கள், கடற்கரைக் குடில்கள் என்று தொடங்கிய அந்த இடத்தில் எண்ணற்ற தமிழ்த் திரைப்படக் காட்சிகள் படமாக்கப்பட்டன. வாயிலருகே அசையாமல் நிற்கும் 'சிலை மனிதரை' எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று முகத்தைக் கோணலாக்கி நின்ற அனுபவம், அங்கு சென்ற பலருக்கும் இருக்கும். பின்னர் 1990-களில் ராட்டினங்கள் பெருகி, பெயரும் யுனிவர்சல் கிங்டம் என மாறியது.

இந்த வரலாற்றில் நிர்வாகம் பற்றிய ஒரு செய்தி பொதிந்துள்ளது. சிலைகளும் தோட்டங்களும் நிறைந்த இடத்தைப் பராமரிப்பது வேறு. மனிதர்களைத் தலைகீழாகச் சுழற்றும் இயந்திரங்களைப் பராமரிப்பது வேறு. முன்னதற்குத் தோட்டக்காரரும் வண்ணம் பூசுபவரும் போதும். பின்னதற்கு இயந்திரப் பொறியாளர், மின்னணுக் கட்டுப்பாட்டு வல்லுநர், மீட்புப் பயிற்சி பெற்ற ஊழியர் என்று ஒரு சிறு தொழிற்சாலைக்கு உரிய அமைப்பு வேண்டும். உல்லாசக் கடற்கரையாகப் பிறந்து இயந்திரப் பூங்காவாக வளர்ந்த எந்த நிறுவனமும் இந்த மாற்றத்தை முழுமையாகச் செய்து முடித்ததா என்பதே அதன் நிர்வாகத்தை அளக்கும் முதல் அளவுகோல்.

உப்புக் காற்று செய்யும் வேலை

கடற்கரையில் ஒரு மிதிவண்டியை ஓராண்டு விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது மெரினா பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அலை உடையும்போது எழும் நுண்திவலைகளில் உள்ள உப்பு, காற்றோடு வந்து இரும்பின்மீது படிகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்துத் தக்கவைக்கிறது. அதில் உள்ள குளோரைடு அயனிகள் இரும்பின்மீதும் துருப்பிடிக்காத எஃகின்மீதும் உள்ள மெல்லிய பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கின்றன. துரு மேற்பரப்பில் சீராகப் பரவினால் கண்ணுக்குத் தெரியும். வண்ணம் சுரண்டிப் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் குளோரைடு பெரும்பாலும் ஊசிமுனைக் குழிகளாகவும், போல்ட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடுக்குகளிலும் அரிக்கிறது. வெளியே பளபளக்கும் வண்ணம் பூசப்பட்டிருக்கும். உள்ளே உலோகம் மெலிந்திருக்கும்.

ராட்டினத்துக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. நிற்கும் பாலத்தைப்போல் அல்லாமல் அது நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை ஏறி, இறங்கி, சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அச்சுத்தண்டும் பற்றவைப்பு இணைப்புகளும் இழுபடுகின்றன, நெருக்கப்படுகின்றன. திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி ஒடிவதுபோல, இவ்வகைச் சோர்வு உலோகத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். துரு அரித்த குழி ஒன்று அங்கே இருந்தால் விரிசல் அதிலிருந்தே தொடங்கும். அரிப்பும் சோர்வும் தனித்தனியே வருவதைவிடச் சேர்ந்து வரும்போது உலோகத்தின் ஆயுள் பன்மடங்கு குறைகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இதற்கு நன்கு அறிமுகமான சான்று பாம்பன் பாலம். 1914-ல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம் உலகிலேயே அரிப்பு மிகுந்த சூழல்களுள் ஒன்றில் நின்றது. ஆண்டுக்கணக்கில் இடைவிடாது பராமரிக்கப்பட்ட பின்னரும், 2022 டிசம்பரில் பாதுகாப்புக் காரணங்களுக்காக அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுமையாகப் பற்றவைக்கப்பட்ட இணைப்புகள் ஆகியவை பயன்படுத்தப்பட்டதற்குக் காரணம் இதுவே. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை மையம் வைத்திருப்பதும் இக்கரையின் உப்புக் காற்றை ஆய்வதற்காகத்தான். கடலோர இரும்பை அறிய வெளிநாடு செல்லத் தேவையில்லை. நிபுணர்கள் தமிழகத்திலேயே இருக்கிறார்கள்.

ஆகவே கடலோரப் பூங்காவின் பராமரிப்புச் செலவு, உள்நாட்டுப் பூங்காவின் செலவைப்போல் இருக்க முடியாது. பூச்சு அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டும். பேரிங்குகளில் உள்ள கிரீஸ் உப்புக் கலந்து கெடுவதால் குறைந்த இடைவெளியில் மாற்றப்பட வேண்டும். இரும்புக் கயிறுகளின் உட்புற இழைகள் சோதிக்கப்பட வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள மின்னணுப் பலகைகளின் தொடுமுனைகள் உப்பு படிந்து செயலிழக்காதபடி காக்கப்பட வேண்டும். நடுவானில் ராட்டினங்கள் நிற்பதற்கு உடைந்த இரும்பைவிட, பழுதான ஓர் உணரியோ அரித்த ஒரு கம்பி இணைப்போ காரணமாவது உலகெங்கும் அதிகம்.

நின்றது குற்றமா?

ஒரு ராட்டினம் திடீரென நிற்பது, சில வேளைகளில், அது சரியாக வடிவமைக்கப்பட்டிருப்பதன் அடையாளம். மின்சாரம் தடைப்பட்டாலோ, உணரி ஒன்று தவறான குறியைக் காட்டினாலோ, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி நவீன ராட்டினங்கள் அமைக்கப்படுகின்றன. சந்தேகம் வந்தால் நில் என்பதே அந்த இயந்திரத்தின் விதி.

இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1896-ல் தொடங்கப்பட்ட பிளஷர் பீச், இன்றும் இயங்கும் பழமையான கடலோரப் பூங்காக்களுள் ஒன்று. நிறுவியவரின் வழிவந்த குடும்பமே தலைமுறைகளாக அதை நடத்துகிறது. அங்குள்ள 'பிக் ஒன்' என்ற ரோலர் கோஸ்டர் 200 அடிக்கும் மேல் உயரமானது. 2021-ல் அது ஏற்றத்தின் உச்சியருகே நின்றபோது, பயணிகள் தண்டவாளத்தை ஒட்டிய படிக்கட்டு வழியே ஊழியர் துணையுடன் நடந்தே இறங்கினர். படம் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். ஆனால் இறங்குவதற்கு என்றே படிக்கட்டு கட்டப்பட்டிருந்தது. இறக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஊழியர் இருந்தனர். தீயணைப்பு வாகனத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ஈஞ்சம்பாக்கம் சம்பவத்தைப் பார்க்க வேண்டிய கோணம் இது. ராட்டினம் பழுதானது என்பதைக் காட்டிலும், பழுதான பின் மூன்று மணி நேரம் ஆனது என்பதே நிர்வாகம் விடை கூற வேண்டிய பகுதி. படிக்கட்டு இல்லாத, நீண்ட கையால் ஆளைத் தூக்கும் வகை ராட்டினம் என்றால், மின்சாரமோ கணினியோ கைவிட்டாலும் அதைக் கையால் இயக்கி மெல்லக் கீழிறக்கும் வழி இருக்க வேண்டும். அதுவும் தவறினால், ராட்டினத்தின் உச்ச உயரத்தை எட்டும் தூக்கு வாகனம் பூங்காவிலோ, சில நிமிடத் தொலைவிலோ இருக்க வேண்டும். கொண்டுவந்த கிரேன் போதாமல் போனது என்றால், அந்த உயரத்துக்கான மீட்பு ஒத்திகை முன்னதாக நடத்தப்பட்டதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. மே மாத வெயிலில் பகல் முழுதும் காய்ந்த இருக்கையில், தண்ணீரின்றி, கைக்குழந்தை போன்ற வயதில் இருப்பவரைத் தேற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் தொங்குவது, உடலில் காயம் இல்லாவிட்டாலும் சிறிய துன்பம் அல்ல.

இதற்கு நேர்மாறான பாடமும் இங்கிலாந்திலேயே உண்டு. 2015 ஜூன் 2 அன்று ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் 'ஸ்மைலர்' ராட்டினத்தில் கணினி அமைப்பு ஆபத்தை உணர்ந்து வண்டியை நிறுத்தியது. தண்டவாளத்தில் முன்னே வெற்று வண்டி ஒன்று நிற்பதை அறியாத ஊழியர்கள், கணினிதான் தவறு செய்கிறது என்று கருதி அதன் தடையை மீறி வண்டியை விடுவித்தனர். மோதலில் பலர் படுகாயமடைந்தனர். இளம்பெண்கள் இருவர் ஒரு காலை இழந்தனர். அடுத்த ஆண்டு நீதிமன்றம் உரிமையாளர் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. பொத்தானை அழுத்திய ஊழியர்களை அல்ல, அவர்களுக்குத் தெளிவான நடைமுறையை வகுத்துத் தராத நிறுவனத்தையே சட்டம் தண்டித்தது. காத்திருக்கும் கூட்டம் கூச்சலிடும்போது, நின்ற ராட்டினத்தை உடனே ஓட்டிக்காட்ட வேண்டும் என்ற அழுத்தம் எங்கும் ஒன்றுதான்.

இந்தியாவில் நடந்தவை

2016 மே மாதம் தாம்பரம் அருகேயுள்ள கிஷ்கிந்தா பூங்காவில் புதிய ராட்டினம் ஒன்றின் சோதனை ஓட்டத்தில் விபத்து நேர்ந்து, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். புதிய ராட்டினத்தை ஆள் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதிப்பதே உலக நடைமுறை. 2019 ஜூனில் சென்னை பூந்தமல்லி அருகேயுள்ள குயின்ஸ்லேண்ட் பூங்காவில் உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினத்தின் இரும்புக் கயிறு அறுந்த காட்சி பரபரப்பை உண்டாக்கியது. அடுத்த மாதமே, ஜூலை 14 அன்று, அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் வகை ராட்டினத்தின் தண்டு முறிந்து இருவர் உயிரிழந்தனர். 2022 செப்டம்பரில் மொகாலி கண்காட்சித் திடலில் உயரத்திலிருந்து ராட்டினம் தரையில் விழுந்து பலர் காயமடைந்தனர். 2025 ஏப்ரலில் டெல்லி கபஷேராவில் உள்ள பூங்காவில் 24 வயதுப் பெண் ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து உயிரிழந்தார்.

இவை அனைத்துக்கும் ஒரே காரணம் கூற முடியாது. ஒன்றில் தண்டு, ஒன்றில் கயிறு, ஒன்றில் இருக்கையின் பிடிமானம். ஆனால் ஒவ்வொரு முறையும் விபத்துக்குப் பின் வரும் செய்திகள் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருக்கும்: பூங்கா மூடப்பட்டது, வழக்குப் பதிவு செய்யப்பட்டது, மாநிலம் முழுவதும் ஆய்வுக்கு உத்தரவு. சில மாதங்களில் கோடை முடியும், செய்தியும் முடியும்.

1888-ஆம் ஆண்டுச் சட்டமும் 21-ஆம் நூற்றாண்டு ராட்டினமும்

ராட்டினங்களின் பாதுகாப்புக்கென்று நாடு முழுமைக்கும் பொருந்தும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. தமிழகத்தில் பொதுமக்கள் கூடும் இடங்களுக்கான உரிமம் வழங்க இன்றும் கைகொடுப்பது, 1888-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம். கொட்டகைகளும் கூடாரங்களும் தீப்பிடிக்காமலும் இடிந்து விழாமலும் இருக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்தது அது. அதன்படி கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று துறைக்கு ஒரு சான்று பெறப்படுகிறது. ஆனால் 100 அடி உயரத்தில் சுழலும் இயந்திரத்தின் பற்றவைப்பு இணைப்பைப் பார்த்துச் சொல்லும் தனித்திறன், கட்டடங்களைப் பார்வையிடும் பொறியாளரிடம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கே நியாயம் அல்ல.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 15475 என்ற தரநிலையை வெளியிட்டுள்ளது. தர்க்கப்படி பார்த்தால், இந்தத் தரநிலையைக் கட்டாயமாக்கி, அதன்படி ஆண்டுதோறும் சுதந்திரமான நிபுணரால் சோதிக்கப்பட்ட ராட்டினத்துக்கு மட்டுமே அனுமதி என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பிரிட்டனில் ராட்டினங்களைச் சுதந்திரமான சோதனையாளர்கள் ஆண்டுதோறும் ஆய்ந்து சான்றளிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. அங்கு சோதனை என்றால் கண்ணால் பார்ப்பது மட்டும் அன்று. விரிசலில் சாயத்தை ஊடுருவச் செய்து கண்டறிவது, மீயொலி அலைகளைச் செலுத்தி உலோகத்தின் உட்குறையைக் காண்பது, காந்தத் துகள் கொண்டு பார்ப்பது ஆகியவை அதில் அடங்கும். மருத்துவமனையில் வயிற்றை ஸ்கேன் செய்வதுபோல், இரும்பை அறுக்காமல் அதன் உள்ளே பார்க்கும் முறைகள் இவை.

குஜராத்தில் ஒரு பேரிடர் இந்த விவாதத்தை மாற்றியது. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் இருந்த விளையாட்டு அரங்கில் ஏற்பட்ட தீயில் 27 பேர் உயிரிழந்தனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலேயே அந்த அரங்கு இயங்கியது தெரியவந்தது. அதன்பின் அம்மாநில அரசு ராட்டினங்களுக்கும் விளையாட்டு அரங்குகளுக்கும் தனி விதிகளை வகுத்தது. தமிழகத்தில் மூன்று மணி நேர அந்தரம், நல்லவேளையாக உயிரிழப்பின்றி முடிந்தது. உயிரிழப்பு இல்லாத எச்சரிக்கை, விதியை மாற்றும் வலிமை பெறுவது அரிது என்பதுதான் வருத்தம்.

நிலமே எதிரி

கடலோரப் பூங்காக்களின் நிர்வாகத்தைப் பேசும்போது பலரும் மறப்பது நிலத்தின் விலை. பூங்கா தோற்பதற்கு விபத்து மட்டும் காரணம் அன்று. அது நிற்கும் மண்ணுக்கு வேறொரு பயன் கிடைத்தால் போதும். நியூயார்க்கின் கோனி தீவில் புகழ்பெற்று விளங்கிய ஸ்டீபிள்சேஸ் பூங்கா 1964-ல் மூடப்பட்டு, அந்நிலம் கட்டட வணிகருக்கு விற்கப்பட்டது. டெல்லியில் 1984-ல் திறக்கப்பட்டு ஒரு தலைமுறையின் நினைவில் நின்ற அப்பு கர், நிலத் தேவைக்காக 2008-ல் மூடப்பட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் நிலைமையும் இதுவே. 2011-ல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. சவுக்குத் தோப்புகள் இருந்த இடத்தில் இன்று மாளிகைகளும் உணவகங்களும் நிற்கின்றன. இத்தகைய நிலத்தில் ராட்டினம் ஓட்டுவதைக் காட்டிலும் இலாபம் தரும் தொழில்கள் பல உண்டு. அதே வேளையில், 1991 முதல் நடைமுறையில் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடலையொட்டிப் புதிய கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துகின்றன. பழைய பூங்கா விரிவடைய விரும்பினாலும் நினைத்த இடத்தில் தூண் நட முடியாது. அரை நூற்றாண்டாக அங்கு மக்கள் குறைந்த செலவில் கடல் பார்த்து, விளையாடித் திரும்பும் இடம் ஒன்று இன்னும் இருக்கிறது என்பதை நிர்வாகத்தின் கணக்கில் வரவாகவே எழுத வேண்டும்.

அந்தக் குழுமம் அண்மைக் காலத்தில் எதில் முதலீடு செய்தது என்பதும் கவனிக்கத்தக்கது. செயற்கைப் பனி அரங்கு, 2019-ல் திறக்கப்பட்ட கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஆகியவை கூரைக்குக் கீழே, குளிரூட்டப்பட்ட சூழலில் இயங்குபவை. வெயில், வடகிழக்குப் பருவமழை, வர்தா போன்ற புயல், உப்புக் காற்று ஆகிய நான்கு பகைகளிலிருந்தும் விலகி நிற்பவை. கடலோரத்தில் தொழில் செய்பவர் கற்றுக்கொண்ட பாடமாக இதைக் கொள்ளலாம். ஆனால் திறந்தவெளியில் நிற்கும் பழைய ராட்டினங்களுக்கு உரிய பங்கும் அதே கருவூலத்திலிருந்துதான் வர வேண்டும்.

போட்டியும் கூடியிருக்கிறது. ஹைதராபாத் மக்கள் 2016 முதல் அறிந்த வொண்டர்லா, 2025 டிசம்பரில் சென்னையிலும் திறக்கப்பட்டது. அது தேர்ந்தெடுத்த இடம் திருப்போரூர் அருகேயுள்ள இள்ளலூர். கடலிலிருந்து விலகிய நிலம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால் அதன் வருவாயும் செலவும் ஆண்டறிக்கையில் வெளியாகின்றன. குடும்ப நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நிர்வாகத்தின் தரத்தை வெளியிலிருந்து அறிய விரும்புவோருக்கு இது ஒரு தடை. வரியும் சேர்ந்துகொள்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. அறிமுகமானபோது கேளிக்கைப் பூங்காக்களுக்கு 28 விழுக்காடு விதிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் முதல் மாதக்கணக்கில் பூங்காக்கள் மூடிக் கிடந்தன. ஓடாத ராட்டினமும் துருப்பிடிக்கும்; ஓடுவதைவிட விரைவாகவே பிடிக்கும். வருவாய் இல்லாத காலத்தில் பராமரிப்பை விடாமல் செய்தவர்கள் யார், விட்டவர்கள் யார் என்பது பின்னாளில் இயந்திரங்களின் நிலையில்தான் தெரியவரும்.

பார்வையாளர் கண்ணில் படுபவை

பொறியாளர் அல்லாத ஒருவர் நுழைவாயிலில் நின்று எதைப் பார்க்கலாம்? வண்ணத்தைப் பார்க்க வேண்டாம், அது ஏமாற்றும். ராட்டினத்தை இயக்குபவரைப் பாருங்கள். ஒவ்வொருவரின் பாதுகாப்புக் கம்பியையும் கையால் இழுத்துச் சோதித்த பின்னரே பொத்தானை அழுத்துகிறாரா, அல்லது ஒரு கையில் கைப்பேசியுடன் தலையசைத்து அனுப்புகிறாரா? உயர அளவுகோலைத் தாண்டாத சிறுவனைப் பெற்றோர் கெஞ்சினாலும் திருப்பி அனுப்புகிறாரா? அப்படித் திருப்பி அனுப்பும் ஊழியர்மீது கோபம் கொள்ளும் பெற்றோர், அந்தப் பூங்காவின் மிகச் சிறந்த ஊழியர்மீது கோபம் கொள்கின்றனர். பலத்த காற்று வீசும் மாலையில் உயரமான ராட்டினத்தை நிறுத்துகிறார்களா என்பதும் நல்ல அறிகுறி. 'பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைக் கண்டால் பணம் வீணாயிற்று என்று எண்ணுவோர் பலர். எந்த ராட்டினமும் எந்த நாளும் மூடப்படாத பூங்காவையே ஐயத்துடன் நோக்க வேண்டும்.

கடலையும் மறந்துவிடக் கூடாது. சென்னைக் கரையோரம் அலையும் நீரோட்டமும் வலுவானவை; நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துச் செல்லும். பூங்காவின் பின்வாசல் கடற்கரையில் திறக்கிறது என்றால், அங்கு உயிர்காப்பாளர் நிற்கிறாரா என்பது ராட்டினத்தின் சான்றிதழுக்குக் குறைந்த கேள்வி அன்று.

சீட்டின் பின்புறம் அச்சிடப்பட்டவை

பல பூங்காக்களின் நுழைவுச்சீட்டில், 'காயத்துக்கோ இழப்புக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி சிறு எழுத்தில் இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு இனி ஒன்றும் செய்ய இயலாது என்று திரும்புவோர் உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கட்டணம் பெற்றுச் சேவை வழங்குபவர் கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும். 1997 ஜூன் 13 அன்று 59 உயிர்களைப் பறித்த டெல்லி உபஹார் திரையரங்குத் தீ வழக்கில், திரையரங்கு உரிமையாளர்கள் இழப்பீடு வழங்கக் கடமைப்பட்டவர்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குப் பாதகமான ஒருதலை ஒப்பந்தங்களைக் கேள்விக்குள்ளாக்கவும் வழி செய்துள்ளது.

வெளியூரிலிருந்து செல்லும் குடும்பங்களுக்கு அச்சட்டத்தில் முக்கியமான ஒரு வசதி உண்டு. முன்பு, சேவை வழங்கியவர் இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் பெரும்பாலும் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள இப்போதைய சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம். ஆகவே சென்னைப் பூங்காவில் நேர்ந்த குறைக்காகப் போலாரத்தில் வசிப்பவர் மீண்டும் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு, பணம் செலுத்திய குறுஞ்செய்தி, சம்பவ இடத்தில் எடுத்த படம், மருத்துவரிடம் சென்றிருந்தால் அதற்கான சீட்டு ஆகியவற்றை வைத்திருப்பது மட்டும் அவசியம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்கப்பட வேண்டும்.